ஆறு நாட்டு உணவு, ஒரே அடுப்படி: புறநகர் ஆசிய ஃபியூஷன் உணவகத்தைப் புரிந்துகொள்ள

நகரத்தின் ஓரத்தில் கடைகள் வரிசையாக அமைந்த ஒரு வளாகம். முன்னால் கார் நிறுத்த இடம். பல் மருத்துவரின் கிளினிக்குக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஓர் உணவகம். மெனுவைத் திறந்தால் ஜப்பானின் ராமென் (சாற்றில் வரும் நூடுல்ஸ்), கொரியாவின் கிம்ச்சி (புளிக்கவைத்த முட்டைக்கோஸ்), தாய்லாந்தின் பச்சைக் கறி, வியட்நாமின் பான் மி (நீள ரொட்டி சாண்ட்விச்), சீனத்து பாவ் (ஆவியில் வெந்த மெத்தென்ற ரொட்டி), அப்புறம் கொரிய மாட்டிறைச்சி வைத்த மெக்சிகோ டாக்கோ (மடித்த சோள ரொட்டி).

இப்படி ஒரு மெனுவைப் பார்க்கும் பலருக்கு இரண்டு சந்தேகம் வரும். இத்தனை நாட்டுச் சமையலும் ஒரே அடுப்படியில் ஒழுங்காக நடக்குமா? இதை எந்த நாட்டுச் சாப்பாடு என்று எடுத்துக்கொள்வது? இரண்டுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் தட்டில் இருப்பதை மட்டும் பார்த்தால் அது பாதிதான் தெரியும். மீதி, கடையின் வாடகையிலும் அடுப்படியின் ஏற்பாட்டிலும் குடியேற்றச் சட்டங்களிலும் இருக்கிறது.

## முதலில் சொற்கள்

மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. பான்-ஏசியன். பல ஆசிய நாட்டு உணவுகள் தனித்தனியாக, அதனதன் வடிவிலேயே ஒரே இடத்தில் கிடைப்பது. ராமென் ராமெனாகவே வரும், தாய்க் கறி தாய்க் கறியாகவே வரும். மெனுவில் கலப்பு உண்டு, தட்டில் இல்லை.

2. ஃபியூஷன். கலப்பு தட்டுக்குள்ளேயே நடப்பது. ஒரு நாட்டுச் செய்முறையோடு இன்னொரு நாட்டுப் பொருள் சேரும். மிசோ என்ற புளித்த சோயா விழுதைத் தடவி வாட்டிய மீனும் கிம்ச்சி சேர்த்த சீஸ் டோஸ்ட்டும் இந்த வகை.

3. கேஷுவல். சாப்பாட்டின் வகையைப் பற்றிய சொல் இல்லை இது. முன்பதிவு வேண்டாம், உடை பற்றிய கட்டுப்பாடு இல்லை, குழந்தைகளோடு போகலாம், ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடலாம் என்ற ஏற்பாட்டைக் குறிக்கிறது.

பெயர்ப்பலகையில் ஃபியூஷன் என்று எழுதியிருக்கும் கடைகளில் பல, முதல் வகையைச் சேர்ந்தவை. சாப்பிடுபவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். பான்-ஏசியன் கடையில் ஒவ்வொரு உணவையும் அதன் சொந்த நாட்டு அளவுகோலால் மதிப்பிடலாம். ஃபியூஷன் கடையில் அந்த அளவுகோல் உதவாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, சேர்த்த இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகிறதா என்பதே.

## கலப்பு புதிதா?

ஆசியச் சமையலில் கலப்பில்லாத ஒன்றைத் தேடினால் சீக்கிரமே களைத்துப்போவோம். மிளகாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகுதான், முக்கியமாகப் போர்ச்சுகீசியர் வழியாக, ஆசியாவுக்கு வந்தது. நம் மொழியே இதற்குச் சாட்சி: மிளகைப் போல் உறைத்த புதிய காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்தோம். தாய்க் கறியின் காரமும் கிம்ச்சியின் சிவப்பும் அதற்குப் பிறகு வந்தவைதான்.

ராமென் சீனக் கோதுமை நூடுல்ஸிலிருந்து வளர்ந்தது. கொரியர்கள் விரும்பிச் சாப்பிடும் கறுப்புச் சாஸ் நூடுல்ஸான ஜாஜாங்மியோன், இன்ச்சோன் துறைமுகத்தில் குடியேறிய ஷான்டோங் சீனர்கள் கொண்டுவந்தது. பான் மி ரொட்டி பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்றது. பெரு நாட்டுக்கு 1849 முதல் சீனத் தொழிலாளர்களும் 1899 முதல் ஜப்பானியர்களும் போனார்கள். அவர்கள் சமைத்ததிலிருந்து 'சிஃபா', 'நிக்கேய்' என்று இரண்டு தனி மரபுகளே உருவாகின. வோக் என்ற குழிந்த சீன வாணலியில் மாட்டிறைச்சியைச் சோயா சாஸோடு வதக்கி, உருளைக்கிழங்கு வறுவலும் சோறும் சேர்த்துத் தருகிற லோமோ சால்தாதோவைப் பெருவில் யாரும் வெளிநாட்டு உணவாக நினைப்பதில்லை.

பழைய கலப்பில் யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஊர் மாறியவர்கள் கிடைத்ததை வைத்துச் சமைத்தார்கள், தலைமுறைகள் அதைத் திருத்தின. இன்றைய ஃபியூஷன் தெரிந்தே செய்யப்படுவது, பெரும்பாலும் சில மாதங்களில் உருவாகிற மெனு. பழையதற்குக் கிடைத்த காலம் இதற்குக் கிடைப்பதில்லை. சில சேர்க்கைகள் தட்டில் ஒட்டாமல் தனித்தனியாக நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

## பெயர் வந்த வழி

சமையலுக்கு 'ஃபியூஷன்' என்ற சொல்லை 1980-களின் இறுதியில் பரப்பியவர் என்று அமெரிக்கச் சமையல்காரர் நார்மன் வான் ஏக்கனைச் சொல்வார்கள். செயல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சமையல்காரர் வுல்ஃப்காங் பக் 1983-இல் சான்டா மோனிகாவில் திறந்த 'ஷின்வா ஆன் மெயின்' சீனமும் பிரெஞ்சும் கலந்தது. பெருவின் தலைநகர் லிமாவில் சமைத்துப் பழகிய நோபு மட்சுஹிசா, 1987-இல் பெவர்லி ஹில்ஸில் பெருவின் மிளகாயையும் எலுமிச்சையையும் ஜப்பானிய மீனோடு சேர்த்தார். இவையெல்லாம் செலவு அதிகமான இடங்கள்.

ராய் யமகுச்சியின் 'ராய்ஸ்' நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1988-இல் அவர் கடை திறந்தது ஹவாயின் தலைநகர் ஹொனலூலுவின் நடுவில் இல்லை, ஹவாய் காய் என்ற அதன் புறநகரில். ஐந்து ஆண்டு கழித்து, 1993-இல், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய ஸ்காட்ஸ்டேலில் பி.எஃப். சாங்ஸ் தொடங்கி, குடும்பத்தோடு போகிற ஆசிய உணவகம் என்ற வடிவத்தை வணிக வளாகங்களுக்குள் கொண்டுபோனது. பிறகு 2008-இன் இறுதியில் சமையல்காரர் ராய் சோயும் கூட்டாளிகளும் 'கோகி' உணவு வண்டியை லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் இறக்கினார்கள். கொரிய விலா இறைச்சி, மெக்சிகோ டாக்கோ, வண்டி எங்கே நிற்கிறது என்று ட்விட்டரில் அறிவிப்பு. மேசை விரிப்பும் தனி அறையும் இல்லாமலேயே ஃபியூஷன் நடக்கும் என்று அது காட்டியது. இன்றைய சிறு கடைகளின் மெனுவில் டாக்கோவைப் பார்த்தால், அது இந்த வண்டியின் வழி வந்தது.

## ஏன் புறநகர்?

குடியேற்றச் சட்டங்களிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்கா 1965-இல் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கியது. கனடா 1967-இல், கல்வி, திறன் போன்றவற்றுக்குப் புள்ளி தந்து குடியேறிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 1973-இல் வெள்ளையர் குடியேற்றக் கொள்கையின் மிச்சத்தையும் கைவிட்டது. அதன் பிறகு வந்த ஆசியர்களில் பலர் படித்தவர்கள். நகர மையத்தின் பழைய சைனாடவுனில் தங்காமல் நேராகப் புறநகரில் வீடு வாங்கினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய மான்டரே பார்க்கில், 1990 கணக்கெடுப்பின்போது பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆசிய வம்சாவளியினர். இத்தகைய இடங்களைப் படித்த புவியியலாளர் வெய் லி, இனமும் புறநகரும் சேர்ந்த பொருளில் 'எத்னோபர்ப்' என்ற சொல்லை உருவாக்கினார். டொரோன்டோ பக்கத்து மார்க்கம், வான்கூவர் பக்கத்து ரிச்மண்ட், மெல்பர்னின் பாக்ஸ் ஹில் எல்லாம் இந்த வரிசையில் வருபவை.

ஆட்கள் வந்தாயிற்று. கடை வருவதற்கு வேறு சில காரணங்களும் கூடின.

1. வாடகை. நகர மையத்தில் உயர்ந்த வாடகையைக் கட்ட உயர்ந்த விலை வைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் ஒரு மெனுவைச் சோதித்துப் பார்க்கப் புறநகர் இடம் தருகிறது.

2. மூடிப்போன கடையின் அடுப்படி. உணவகத்துக்கு மிகப் பெரிய செலவுகளில் ஒன்று புகைபோக்கி, தீத்தடுப்பு, கழிவுநீரில் எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி ஆகியவை. முன்பு வேறொரு உணவகம் இருந்த இடத்தை எடுத்தால் இவை ஏற்கெனவே இருக்கும். முன்பு பீட்சா விற்ற இடத்தில் ராமென் வருவது இப்படித்தான்.

3. ஒரே காரில் வரும் ஐந்து பேர். இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் கணிப்பு. மையத்தில் தனியாளோ இருவரோ கடைக்குக் கடை நடந்து தேர்ந்தெடுக்கலாம். புறநகரில் தாத்தாவுக்குக் காரம் ஆகாது, ஒருவர் சைவம், பிள்ளைக்கு வெறும் நூடுல்ஸ் போதும், கல்லூரி போகிறவளுக்குக் கிம்ச்சி வேண்டும். ஐந்து பேரில் ஒருவர் மறுத்தாலும் கார் வேறு கடைக்குத் திரும்பிவிடும். ஒரு நாட்டுச் சமையலை மட்டும் செய்கிற கடைக்கு இந்த மறுப்பைத் தாங்குவது கடினம்.

மெனு அகலமாக இருப்பதை வைத்தே கடைக்காரரைக் குறை சொல்ல முடியாதது இதனால்தான். அகலத்தைக் கேட்பது வாடிக்கையாளரின் கார்.

## எண்பது உணவு எப்படி வருகிறது?

முதல் சந்தேகத்துக்கு இப்போது வரலாம். மெனுவில் எண்பது பெயர்கள் இருந்தால் அடுப்படியில் எண்பது சமையல் நடப்பதில்லை. உணவை மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

- நடுப்பொருள் 4: கோழி, மாட்டிறைச்சி, இறால், டோஃபு (சோயா பன்னீர்).
- சாஸ் 5: டெரியாக்கி, காரமான கொரியச் சாஸ், நிலக்கடலை சாட்டே, தேங்காய்ப்பால் கறி, பூண்டு-சோயா.
- தாங்கி 4: சோறு, நூடுல்ஸ், பாவ், டாக்கோ.

4 × 5 × 4 = 80. தயார் செய்ய வேண்டியது பதின்மூன்று மட்டும். சாஸ்களைக் காலையிலேயே கலக்கி வைத்துவிடலாம். அவற்றுக்குள்ளும் உறவு உண்டு. சோயா சாஸும் சர்க்கரையும் ஓர் அடித்தளம். மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவைச் சேர்த்துக் காய்ச்சினால் டெரியாக்கி, கோச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுதைச் சேர்த்தால் கொரியா, பூண்டும் இஞ்சியும் கூட்டினால் இன்னொன்று. எல்லாவற்றிலும் ஒரு பொதுத் தித்திப்பு தெரிகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இந்த ஒரே அடித்தளம்.

அடுத்தது வோக். மெல்லிய எஃகு, வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு தீ. ஒரு தட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கான்டனீஸில் 'வோக் ஹே', அதாவது வோக்கின் மூச்சு, என்று சொல்லும் புகை மணம் அந்தத் தீயில்தான் பிறக்கிறது. ஆனால் மூடிப்போன கடையின் அடுப்படியை அப்படியே வாங்கியவருக்கு அந்த அளவு எரிவாயு இணைப்பும் புகைபோக்கியும் இருக்கும் என்று சொல்ல முடியாது. தீ போதாத வோக்கில் நூடுல்ஸ் வதங்காது, தண்ணீர் விட்டுக்கொண்டு வேகும். சாஸை அதிகம் ஊற்றி அதை மறைப்பார்கள். தட்டின் அடியில் சாஸ் தேங்கி நின்றால், இது காரணமா என்று சந்தேகிக்கலாம்.

சில உணவுகள் இந்தச் சூத்திரத்துக்குள் அடங்கவே அடங்காது. பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்து எடுக்கும் டோன்கோட்சு ராமென் சாறு ஓர் அடுப்பை நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். சின்ன அடுப்படியில் அது நடக்காது. புட்டியில் வரும் செறிவுச் சாறைத்தான் கரைப்பார்கள். பாவ், டம்ப்ளிங் (உள்ளே பூரணம் வைத்த மாவுக் கொழுக்கட்டை) போன்றவை உறைநிலையில் ஆலையிலிருந்து வருவதும் சாதாரணம். எல்லாவற்றையும் கடையிலேயே செய்ய வேண்டும் என்பதில்லை. 1981-இல் ஹொனலூலுவில் தொடங்கிய சன் நூடுல் நிறுவனத்திடமிருந்து பேர்பெற்ற ராமென் கடைகளே நூடுல்ஸ் வாங்குகின்றன. நூடுல்ஸை நிபுணரிடம் வாங்கிவிட்டுச் சாற்றில் உழைப்பதை நான் மதிக்கிறேன். எதிலுமே உழைக்காமல் பெயரை மட்டும் நீட்டுவதுதான் பிரச்சினை.

இங்கேதான் கைப்பக்குவம் என்ற நம் பழைய சொல் பொருந்துகிறது. நல்ல புறநகர் ஃபியூஷன் கடையில் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று ஆழமாகத் தெரிந்திருக்கும். அது கரியில் வாட்டுவதாக இருக்கலாம், ஊறுகாய் போடுவதாக இருக்கலாம், தாய் மசாலா இடிப்பதாக இருக்கலாம். மற்ற நாடுகள் அதைச் சுற்றி வந்து சேரும். அந்தக் கை இல்லாத கடையில் 80 பெயரும் ஒரே சுவையின் 80 பெயர்களாகப் போய்விடும்.

## எல்லாம் ஏன் ஒன்றோடொன்று சேர்கிறது?

1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா, கொம்பு கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்து, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். 1913-இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா, உலர்ந்த பொனிட்டோ மீனிலிருந்து இனோசினேட்டைப் பிரித்தார். இரண்டும் சேரும்போது சுவை கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

சோயா சாஸ், மீன் சாஸ், மிசோ எல்லாவற்றிலும் குளுட்டமேட் நிறைய உண்டு. தக்காளியிலும் முதிர்ந்த சீஸிலும் உண்டு. இறைச்சியிலும் மீனிலும் இனோசினேட் உண்டு. கிம்ச்சியும் சீஸும் கண்டம் தாண்டி ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

அஜினமோட்டோ என்று நாம் சொல்லும் எம்.எஸ்.ஜி., இதே குளுட்டமேட்டின் சோடிய உப்பு. அதன் மீதான பயம், 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு வாசகர் கடிதத்திலிருந்து பரவியது. பிறகு நடந்த கட்டுப்பாட்டுச் சோதனைகளில், சாப்பாட்டோடு சேர்த்து வழக்கமான அளவில் உண்ணும்போது தொடர்ச்சியான பாதிப்பு எதுவும் உறுதியாகவில்லை. கவலைப்பட வேண்டியது மொத்த சோடியத்தைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் குறைவான சோடியத்தைப் பரிந்துரைக்கிறது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே சுமார் 900 மில்லிகிராம் இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ராமென் சாற்றை முழுதும் குடிக்காமல் விடுவது நல்லது.

## 'ஃபியூஷன்' என்ற சொல்லும் விலையும்

உணவியல் ஆய்வாளர் கிருஷ்ணேந்து ரே நீண்டகாலமாக ஒன்றைச் சுட்டிக்காட்டி வருகிறார். அமெரிக்க நகரங்களில் பிரெஞ்சு, ஜப்பானிய உணவுக்கு மக்கள் அதிகம் கொடுக்கத் தயார். சீன, தாய், வியட்நாமிய உணவு மலிவாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். உழைப்பின் அளவு இதைத் தீர்மானிப்பதில்லை. அந்த நாட்டுக் குடியேறிகளைச் சமூகம் எந்தப் படியில் வைத்திருக்கிறது என்பது தீர்மானிக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் பெயர்ப்பலகையின் இன்னொரு வேலை புரியும். டம்ப்ளிங் ஒன்றுதான். சீன உணவகம் என்ற பலகையின் கீழ் அதற்கு ஒரு விலை, ஃபியூஷன் என்ற பலகையின் கீழ் இன்னொரு விலை. தன் உழைப்புக்கு நியாயமான கூலி கிடைக்க வேறு வழியில்லாமல் ஒரு சமையல்காரர் அந்தச் சொல்லை எடுக்கும்போது அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அதே தெருவில் மூன்று தலைமுறையாக நடக்கும் எளிய கடையின் செய்முறையை எடுத்து, மூலத்தைச் சொல்லாமல் தன் கண்டுபிடிப்பாக விற்பது வேறு விஷயம், அது தவறு. மெனுவில் ஒரு வரியில் மூலத்தைச் சொல்ல எந்தச் செலவும் இல்லை.

## சைவமும் ஒவ்வாமையும்

கலப்பு உணவில் மிக எளிதாக ஏமாறும் இடம் இது. கண்ணுக்குத் தெரியும் பொருள் ஒன்றாகவும் சாஸுக்குள் இருப்பது வேறாகவும் இருக்கும்.

1. கிம்ச்சி முட்டைக்கோஸ்தான். ஆனால் வழக்கமான செய்முறையில் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேரும்.
2. மிசோ சூப்பின் அடித்தளமான டாஷியில் பெரும்பாலும் பொனிட்டோ மீன் இருக்கும்.
3. தாய்க் கறி மசாலாவில் இறால் விழுது வழக்கமானது. காய்கறிக் கறி என்று எழுதியிருந்தாலும் கேளுங்கள்.
4. காய்கறி வதக்கலில் சிப்பி சாஸ் சேர்ப்பது சாதாரணம். காளான் வைத்துச் செய்த மாற்றும் உண்டு.
5. வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. குளூட்டன் ஆகாதவர்கள் கோதுமை சேர்க்காத தமாரி இருக்கிறதா என்று கேட்கலாம்.
6. இறாலும் டோஃபுவும் ஒரே எண்ணெயில் பொரிபடலாம்.

'சைவமா?' என்று மட்டும் கேட்டால், இறைச்சித் துண்டு இல்லை என்ற பொருளில் ஆமாம் என்று பதில் வரும். 'மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது இருக்கிறதா?' என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் அடுப்படிக்குப் போய் விசாரிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், உணவகங்களும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலைத் தர வேண்டும். அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல், பொட்டல உணவுகளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது பொருளாக எள் சேர்ந்தது. எள் தெளிக்காத ஃபியூஷன் தட்டு அரிது என்பதால் இது சின்ன விஷயமில்லை.

## மெனுவிலிருந்து என்ன தெரியும்?

- ஒரு மூலையில் மட்டும் விவரம் கூடுதலாக இருக்கிறதா? மற்றவை ஒரு வரியில் முடிய, வாட்டல் வகைகளுக்கு மட்டும் எந்த இறைச்சி, எவ்வளவு ஊறவைத்தது என்று எழுதியிருந்தால், கடையின் கை அங்கேதான் இருக்கிறது. முதல் முறை அதையே கேளுங்கள்.
- சமைக்கும் முறை எத்தனை? நாடுகளை எண்ண வேண்டாம். சூஷி, டோன்கோட்சு ராமென், வோக், கரி அடுப்பு நான்கும் சின்னக் கடையில் இருந்தால், குறைந்தது இரண்டு வெளியிலிருந்து வாங்கியவை.
- கூட்டம் குறைந்த வேளையில் பச்சை மீனைத் தவிர்க்கலாம். விற்பனை வேகம்தான் அதன் புதுமையைத் தீர்மானிக்கிறது.
- ஊழியர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? மதிய இடைவேளைக்குப் பிறகு போனால் கண்ணில் படும். மெனுவில் இல்லாவிட்டாலும் கேட்டுப் பார்க்கலாம்.

## பார்சலும் மிச்சமும்

வோக்கின் மணம் சில நிமிடங்களில் கரைந்துவிடும். மூடிய பெட்டியில் எழும் நீராவி பொரித்ததை நனைத்துவிடும். வீட்டுக்கு எடுத்துப்போக ஏற்றவை கறி, சோற்றுக் கிண்ணம், குளிர்ந்த நூடுல்ஸ். ராமென் வாங்கினால் சாற்றைத் தனியாகக் கட்டித் தரச் சொல்ல வேண்டும்.

மிச்சச் சோற்றில் கவனம் தேவை. பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வெந்த சோறு அறை வெப்பத்தில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். சில வகைகள் உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஃப்ரைட் ரைஸுக்குப் பழைய சோறு நல்லது என்பது சரிதான், ஆனால் அது உடனே ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்த பழைய சோறாக இருக்க வேண்டும். கடையிலிருந்து கொண்டுவந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி உள்ளே வையுங்கள். மறுநாள் ஆவி பறக்கும் வரை சூடாக்கிச் சாப்பிடுங்கள். அதற்கும் மிஞ்சினால் மறுபடி சூடாக்க வேண்டாம்.